எழுத்தில்லாத இரண்டு வில்லைகள்

மகனே, உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் பெண்ணுக்கு முன்பல் முளைத்ததையும், ஊட்டியில் பகலிலேயே கம்பளி போடவேண்டியிருப்பதையும் மூன்று பக்கம் எழுதியிருந்தாய். காரியம் நாலாம் பக்கத்தில் இருந்தது. உன் தேயிலைக் கம்பெனி மானேஜர் கோல்ஃப் ஆடுகிறவர் என்றும், அவரோடு ஆடும் ஒருத்தர் மாற்றலாகிப் போனதால் உன்னைக் கூப்பிட்டு இரண்டு மாதமாகப் பழக்கிவிட்டார் என்றும், அடுத்த மாதம் பெரிய மனிதர்களோடு ஆடப்போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். பந்து கிடந்த இடத்தில் வைக்கிற அடையாள வில்லை எப்படிப்பட்டதாக வாங்கவேண்டும், அதை எதில் வைத்துக்கொள்ளவேண்டும் என்று அப்பாவோடு வேலை பார்த்த யாரிடமாவது கேட்டு எழுதச் சொன்னாய். அதற்குக் கீழே, “அப்பாவைப்போல் வில்லையை நகர்த்திப் பேர் வாங்கமாட்டேன், பயப்படாதே” என்று ஒரு வரி. சிரித்துக்கொண்டு எழுதினாய்போல.

நான் மூன்றாம் வகுப்பு படித்தவள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. வழிவதைப் பார்த்தபடி இருந்தேன், இறக்கி வைக்கத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து “தீஞ்ச மணம் தெருவரைக்கும் வருகு, நீங்க என்ன செய்யுகீங்க” என்று கேட்டபிறகுதான் எழுந்தேன். இதை எழுத ஆரம்பித்து நாலு நாளாகிறது. யாரிடமும் போய்க் கேட்கவேண்டியதில்லை. வில்லையைப் பற்றி எனக்கே தெரியும்.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். பித்தளையில் வாங்கு. தேங்காய்ச் சிரட்டையில் செய்தது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கனமில்லை, குனிகிறவனின் வேட்டி நுனி பட்டாலே நகர்ந்துவிடும். உனக்கு வேட்டியில்லை, கால்சட்டை, இருந்தாலும் சொல்கிறேன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். தடிமன் கூடாது. இன்னொருவன் பந்து உருண்டு வந்து அதில் ஏறினால் திசை மாறிவிடும், பிறகு சண்டை. ஓரத்தை அரம் போட்டு மழுக்கியிருக்கவேண்டும், புல்லைக் கீறக்கூடாது. புளி போட்டுத் துலக்காதே. வெயிலில் மின்னினால் அடிக்கப்போகிறவனுக்குக் கண் கூசும், எதிராளி வேண்டுமென்றே செய்கிறாய் என்பான். மங்கலாகவே கிடக்கட்டும். பந்துக்குப் பின்னால், குழிக்கு எதிர்ப்பக்கமாக, பந்தை ஒட்டி வைக்கவேண்டும். வில்லையை வைத்தபிறகுதான் பந்தில் கை படவேண்டும். திரும்ப வைக்கும்போது பந்தை வைத்துவிட்டுப் பிறகு வில்லையை எடு. இந்த வரிசை ஒருநாளும் மாறக்கூடாது. உன் வில்லை இன்னொருவன் வழியில் கிடக்கிறது என்று அவன் சொன்னால், மட்டையின் தலையை வைத்து அளந்து பக்கவாட்டில் தள்ளி வை. தள்ளி வைத்ததை மறக்காமல் அதே அளவு திரும்பக் கொண்டுவா. முக்கால்வாசிப் பேர் கெட்டபேர் வாங்குவது இந்தத் திரும்பக் கொண்டுவருவதை மறந்துதான்.

உறை நான் தைத்து இதோடு அனுப்புகிறேன். காக்கித் துணி, இரண்டு விரல் அகலம், மேலே ஒரு மடிப்பு. இடுப்புவாரில் இடதுபக்கம் கோத்துக்கொள். சட்டைப்பையில் சில்லறையோடு போட்டால், மற்றவன் அடிக்கப்போகிற நேரத்தில் கிலுங்கும். அவன் தவறவிட்டால் பழி உன் பைமேல். நூலில் கட்டித் தொங்கவிடுகிறவர்களும் உண்டு, அது குனியும்போதெல்லாம் ஆடும். உறை என்றால் கண்ணால் தேடாமலே விரல் போய் எடுக்கவேண்டும். முக்கியமானது இன்னொன்று: வில்லையில் உன் பேருக்கு ஓர் எழுத்தாவது அடித்திருக்கவேண்டும். வெறும் வில்லையோடு மைதானத்தில் கால் வைக்காதே.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கமாட்டாய். அந்த நாளில் நீயும் இதே கரமனை வீட்டில்தான் இருந்தாய், ஆனால் உங்கப்பா கோல்ஃப் மைதானத்துப் பேச்சை எடுத்தாலே பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வாய். அதனால் உங்கப்பா எல்லாவற்றையும் என்னிடம்தான் சொல்வார். பத்தொன்பது வருஷம் அங்கே மட்டைப்பை தூக்கினார். படிப்பு இல்லை, ஆனால் யார் எந்தக் குழியில் எத்தனை அடியில் போட்டார்கள் என்று போன வருஷத்து ஆட்டத்தைக்கூடச் சொல்வார். எனக்கும் மறதி கிடையாது. ஓலைவிசிறியை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன், அவர் பாயில் புளியங்கொட்டைகளைப் பந்தாகப் பரப்பிக் காட்டுவார்.

முன்பெல்லாம் வில்லைக்கு அவ்வளவு வேலை இல்லை. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின புல்லை கிரீன் என்பார்கள். அங்கே உன் வழியை மறித்து எதிராளியின் பந்து கிடந்தால், பெரும்பாலும் கிடந்ததுதான். சுற்றியோ தாண்டியோ நீ அடித்துக்கொள்ளவேண்டும். பிறகு சீமையில் சட்டத்தை மாற்றினார்கள். மறிக்கிற பந்தை எடுக்கச் சொல்லலாம் என்றார்கள். அதோடு பிடித்தது தலைவலி. ஒருவர் தீக்குச்சியை வைப்பார், ஒருவர் இலைக்காம்பை வைப்பார், காற்று அடித்தால் இரண்டும் போச்சு. செக்ரட்டரி உங்கப்பாவைக் கூப்பிட்டு, பை தூக்குகிற எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு வில்லை ஏற்பாடு செய்யச் சொன்னார். உங்கப்பா சாலைக் கடைத்தெருவில் எட்டு வில்லை வெட்டி வாங்கிவந்து என் முன்னால் வைத்து, “ஓரோருத்தன் பேருக்கும் முதல் எழுத்து அடிச்சிரு பிள்ளே. எட்டும் ஒரே மாதிரி இருந்தா எங்களுக்குள்ளயே அடிதடியாக்கும்” என்றார்.

ஆணியையும் அம்மிக்குழவியையும் வைத்துப் புள்ளி புள்ளியாக எழுத்து அடித்தேன். கிருஷ்ணனுக்குக் ‘கி’, பாச்சுவுக்குப் ‘பா’. ஆறு முடிந்தது. மீதி இரண்டில் ஒன்று உங்கப்பாவுடையது. உங்கப்பா பேரை நான் வாயால் சொல்லமாட்டேன், உனக்குத் தெரியும். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று, தகப்பன் பேர் என்ன என்று வாத்தியார் கேட்டதற்கு, நான் சொல்லாமல் தெருவில் போன ஒருத்தரைக் கூப்பிட்டுச் சொல்லவைத்தேன். சொல்லாத பேரை ஆணியால் அடிப்பது எப்படி? அதுவும் தலையில் குழவியால் தட்டி. கை வரவில்லை. எட்டாவது, வட்டியூர்க்காவிலிருந்து வருகிற ஆளுடையது. அவருக்கும் உங்கப்பா பேரின் முதல் எழுத்தேதான். அதனால் அவர் பேரையும் நான் சொல்வதில்லை, வட்டியூர்க்காவுக்காரர் என்றே சொல்லிப் பழக்கம். அந்த எழுத்தையும் அடிக்கவில்லை. ஒன்றில் ஒரு கோடு, ஒன்றில் ஒரு வட்டம் போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எழுத்து என்றால் எழுத்துதான் என்று இருந்தேன்.

மறுநாள் காலையில் உன்னிடம் கேட்டேன். உனக்கு ஞாபகம் இருக்காது, அதனால் எழுதுகிறேன். நீ நடையில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாய். இரண்டு வில்லையையும் ஆணியையும் நீட்டி, “மக்கா, இந்த ரெண்டுலயும் எழுத்து அடிச்சுக் குடு, ஒண்ணுல ரெண்டு எழுத்தா அடிச்சா வித்தியாசம் தெரியும்” என்றேன்.

“எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு. மட்டைப்பை தூக்குகவனுக்கு எழுத்து எதுக்காக்கும்?”

உங்கப்பா கிணற்றடியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டது அவர் காதில் விழவில்லை, நீ சொன்னதுதான் விழுந்தது. வாயில் கரியோடு, “திவான் போறாரு, வழி விடு பிள்ளே” என்றார். நீ சிரிக்கவில்லை. உங்கப்பாதான் சிரித்தார். இதை உன் தலையில் போட எழுதவில்லை. நடந்ததை விட்டுவிட்டு எழுதினால் பொய்யாகிவிடும், அதற்காக எழுதுகிறேன். நீ போனபிறகு இரண்டையும் பிறைமாடத்தில் வைத்தேன். உங்கப்பா போகும்போது எட்டையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் சொல்லியிருக்கலாம். அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

இருபது நாள் ஒன்றும் ஆகவில்லை. உங்கப்பா தன்னுடையது மொட்டை வில்லை என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொன்றும் மொட்டை என்பது அவருக்குத் தெரியாது, பையோடு நீட்டி அவரவர் எடுத்துக்கொண்டது போக மீந்ததைத்தான் அவர் வைத்துக்கொண்டார். அவரும் வட்டியூர்க்காவுக்காரரும் ஒரே கிரீனில் ஒரே நேரத்தில் வில்லை வைக்கிற மாதிரி அதுவரை நேரவில்லை.

பிறகு அந்தப் பெரிய ஆட்டம் வந்தது. உங்கப்பா எஞ்சினீயர் ஒருத்தருக்குப் பை தூக்கினார், வட்டியூர்க்காவுக்காரர் வக்கீல் ஒருத்தருக்கு. கடைசிக் குழிவரை இரண்டு பேரும் சமம். இரண்டு பேரும் தூரத்திலிருந்து அடித்து, இரண்டு பந்தும் கிரீனில் விழுந்து நின்றது. அந்த நேரம் பார்த்து துலாமாதத்து மழை, சொல்லாமல் கொள்ளாமல். ஆடுகிறவர்கள் மரத்தடிக்கு ஓடினார்கள். இவர்கள் இரண்டு பேரும் மழைக்குள் கிரீனுக்கு ஓடி, ஆளுக்கொரு வில்லையை வைத்து, ஆளுக்கொரு பந்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பினார்கள். அரை மணி நேரம் கொட்டியது. விட்டபிறகு போய்ப் பார்த்தால், குழியிலிருந்து இரண்டு முழத்தில் ஒரு வில்லை, நாலு முழத்தில் ஒரு வில்லை. உங்கப்பா நேராகப் போய்க் கிட்டத்து வில்லையின் முன்னால் எஞ்சினீயர் பந்தை வைத்தார்.

“அது ஞங்ஙளுடெயாணு” என்றார் வட்டியூர்க்காவுக்காரர், எங்களுடையது என்று மலையாளத்தில்.

“உனக்கது அந்தா கிடக்கு. நான் கண்ணால பாத்துல்லா எடுத்தேன்.”

வக்கீல் வந்து, மார்க் பார்த்தால் தெரிந்துவிடுமே என்றார். இரண்டையும் திருப்பினார்கள். இரண்டும் மொட்டை. வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்களாம். வக்கீல் சிரிக்கவில்லை. “இவன் பந்து நகர்த்துகிறதுக்குத்தான் எழுத்தில்லாத வில்லை வச்சிருக்கான்” என்றார். உங்கப்பா எஞ்சினீயர் முகத்தைப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் பாதி அவருக்குத் தூக்கினது. அந்த ஆள், “இவன் செய்ததுக்கு நான் ஜவாப்தாரியில்லை” என்று சொல்லிவிட்டு, பந்தை எடுத்துத் தூரத்து வில்லையில் வைத்து அடித்துத் தோற்றார். அந்த எஞ்சினீயர் இப்போதும் கரமனை வழியாகக் காரில் போவார். நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

அன்று உங்கப்பாவை வேலையைவிட்டுப் போகச் சொல்லவில்லை. செக்ரட்டரி திட்டினதோடு சரி. இதை நீ தெரிந்துகொள்ளவேண்டும். அன்றோடு முடிந்திருக்கும். உங்கப்பா சாயங்காலம் நனைந்த துணியோடு வந்து அடுக்களை வாசலில் நின்றார்.

“பிள்ளே, அவனுக்கதுல நீ எழுத்து அடிக்கலியா?”

நான் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். “அடிச்சேன்லா” என்றேன்.

“பொறவு எப்படி மொட்டையா இருக்கும்?”

“எனக்கு என்ன தெரியும்? மாத்திக் கொண்டு வந்திருப்பாரு.”

இவ்வளவுதான். ஏன் சொன்னேன் என்று இத்தனை நாளும் யோசித்துப் பார்த்துவிட்டேன். பயந்து சொன்னேன் என்றால் உங்கப்பா என்னை அடித்ததில்லை, வைததும் இல்லை. ஒருவேளை, மற்ற ஏழு வில்லையிலும் நான் நன்றாக எழுத்து அடித்ததாக அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது போய்விடும் என்று இருக்கலாம். தெரியவில்லை. வாயில் வந்தது. அவர் துணி மாற்றப் போனார். நான் தோசை வார்த்தேன், அவர் நாலு தின்றார்.

மறுநாள் உங்கப்பா மைதானத்துக்குப் போய், எல்லாரும் கூடியிருக்கும்போது, வக்கீலின் ஆள் எழுத்துள்ள வில்லையை ஒளித்துவைத்துவிட்டு மொட்டை வில்லையைக் கொண்டுவந்து தன்னை ஏமாற்றினான் என்று சத்தம் போட்டிருக்கிறார். வக்கீல் சொல்லிக்கொடுத்துத்தான் செய்தான் என்றும் சொல்லியிருக்கிறார். செக்ரட்டரி, “எடோ, இதினு தெளிவுண்டோ?” என்று அத்தாட்சி கேட்டாராம். “எனக்க வீட்டுக்காரி எழுத்து அடிச்சாளாக்கும். அவ பொய் சொல்லமாட்டா சார்” என்றாராம் உங்கப்பா. மெம்பர் மேலேயே பழி சொல்கிறவனுக்கு இங்கே இடமில்லை என்று அப்போதுதான் வெளியே போகச் சொன்னார்கள். வில்லையை நகர்த்தினதற்காக இல்லை. என்னை நம்பினதற்காக.

நாலாம் நாள் செக்ரட்டரி வீட்டுக்குப் போனேன். உங்கப்பாவிடம் சொல்லவில்லை, கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு சாஸ்தமங்கலம்வரை நடந்தேன். எழுத்து அடிக்காதது நான்தான், பொய் சொன்னதும் நான்தான் என்று சொல்லத்தான் போனேன். செக்ரட்டரியின் மனைவி வாசலுக்கு வந்தாள். ஆருடைய வீட்டுக்காரி, பேர் என்ன என்று கேட்டாள். மைதானத்தில் வேலை பார்க்கிறவர் என்றேன். “அவிடெ எத்ர பேருண்டு! பேரு பறயண்டே?” என்றாள். அத்தனை பேர் இருக்கிற இடத்தில் பேர் சொல்லாமல் எப்படி என்றுதான் கேட்டாள். அந்தப் பேரைச் சொல்லியிருந்தால் உள்ளே போய்ச் சொல்லியிருப்பாள், அவரும் வந்திருப்பார். எனக்கு நாக்கு எழவில்லை. அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சார் குளிக்கிறார், பின்பக்கம் போய் நில் என்றாள். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். வேலைக்காரி ஒருத்தி, புதிதாக வேலைக்கு வந்தவள் என்று நினைத்தாள்போல, நனைந்த துணியை என் கையில் கொடுத்து, “பிழிஞ்ஞு இடூ” என்றாள். இரண்டு பனியனைப் பிழிந்து கொடியில் போட்டேன். பிறகு கையை முந்தானையில் துடைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தச் செக்ரட்டரியின் மனைவியை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவள் பின்பக்கம் நிற்கச் சொன்னது ஒன்றும் என் வாயைக் கட்டவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம். மறுநாளும் போயிருக்கலாம். அவள்மேல் உள்ள கோபத்தையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

உங்கப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக்கடையில் மூட்டை தூக்குகிற வேலை கிடைத்தது. மட்டைப்பை தூக்கின தோளுக்கு அது வேறு மாதிரி வலி. நீ என்ன செய்தாய் என்று உனக்கே தெரியும். ஆபீசில் எவனோ உன்னை வில்லை நகர்த்தினவன் மகன் என்று கேலி செய்தான் என்று வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உங்கப்பா முன்னால் நின்று கத்தினாய். “உங்களால எனக்கு ஆபீசுல தலை நிமிந்து நடக்கப் பற்றல்ல” என்றாய். உங்கப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “நான் நகத்தல்ல மக்கா” என்றார். ஒரே தடவைதான் சொன்னார். நான் அதே அறையில் உட்கார்ந்து சீனியவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் என் பக்கம் பார்க்கவில்லை. முழுவதையும் கிள்ளி முடித்தேன், ஒன்றுகூட மீதி இல்லாமல். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நீ அவரோடு பேசாமல் இருந்து, ஊட்டிக்கு வேலை வாங்கிக்கொண்டு போனாய். கல்யாணத்துக்கு வந்தாய், தாலி கட்டினாய், காலில் விழுந்தாய். அப்போதும் பேசவில்லை.

உன்னிடம் சொல்லியிருந்தால் அவரிடமும் சொல்லவேண்டிவரும். அவரிடம் சொன்னால், என்னை நம்பி அங்கே போய்ச் சத்தம் போட்டதெல்லாம் அவருக்கு என்னவாகும் என்று நினைத்துச் சொல்லவில்லை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன வருஷம் நெஞ்சுவலியில் படுத்தபோது, “ஒருவேளை எனக்கக் கண்ணுதான் பெசகிட்டோ பிள்ளே” என்று என்னிடம் கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கஞ்சி ஆறுகிறது, குடியுங்கள் என்றேன்.

உங்கப்பா இறந்த அன்று, நீ பஸ் பிடித்து வந்து சேருவதற்கு முன்னாலேயே வட்டியூர்க்காவுக்காரர் வந்துவிட்டார். உங்கப்பா காலடியில் நின்று அழுதார். பிறகு அடுக்களைப் பக்கம் என்னைத் தேடி வந்தார். “சேச்சீ, உள்ளது பறயாம். அந்த மழயில எது அடுத்து, எது தூரெ என்னு ஞான் நோக்கியில்ல. அவன் நோக்கி. அவன் பறஞ்ஞது சரியாயிருக்கும்” என்றார். எது கிட்டத்தில் கிடந்தது என்று அவர் பார்க்கவே இல்லையாம், உங்கப்பாதான் பார்த்தாராம். அப்படியானால் அன்றே ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் அவர் தண்ணீர் கேட்டபோது கொடுக்கவில்லை. கிணற்றைக் காட்டினேன். உங்கப்பா அவரைக் கள்ளன் என்று ஊர் கேட்கச் சொன்னதும் என் வார்த்தையால்தான். அது தெரிந்தும் கொடுக்கவில்லை. நான் அப்படித்தான்.

உன் கடிதம் வந்த மறுநாள் அந்த மனிதரைத் தேடிப் போனேன். கூட வாருங்கள், மைதானத்தில் போய் நடந்ததைச் சொல்லவேண்டும் என்றேன். ஏன் என்று கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அந்தச் செக்ரட்டரி இப்போது இல்லை, வக்கீல் இறந்துபோனார். மாநில எல்லை பிரித்தபிறகு நம் ஊர்ப்பக்கத்து வேலைக்காரர்கள் பலபேர் நாகர்கோவிலோடு போய்விட்டார்கள். ஆபீசில் ஒரு சின்ன வயசு கிளார்க் இருந்தான், மரியாதையாக நாற்காலி போட்டான். வட்டியூர்க்காவுக்காரர்தான் உங்கப்பா பேரைச் சொன்னார். மழை, வில்லை, எல்லாவற்றையும் சொன்னார். நான் செய்ததை நான் சொன்னேன். எழுத்து அடிக்காததையும், அடித்தேன் என்று சொன்னதையும், அதை நம்பி உங்கப்பா வந்து சத்தம் போட்டதையும். கிளார்க் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினான். வெகுநேரம் புரட்டினான். அப்படி ஒரு ஆளை விலக்கினதாக எழுத்தில் ஒன்றும் இல்லை அம்மா என்றான். பை தூக்குகிறவர்கள் பேரை எழுதி வைக்கிற வழக்கமே அந்தக் காலத்தில் இல்லையாம். வேலை பார்த்ததாகவும் இல்லை, போனதாகவும் இல்லை. “இதில் அழிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லையே” என்றான், எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னான்.

வெளியே வந்தபிறகு வட்டியூர்க்காவுக்காரர் அந்தக் கடைசிக் கிரீனைக் காட்டினார். இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டுப் பாடமான இடத்தை அன்றுதான் முதல்தடவை பார்த்தேன். நான் நினைத்ததைவிடச் சின்னது. இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் குனிந்து எதையோ வைத்து எதையோ எடுத்தார். இவர் சோடா வாங்கித் தந்தார். நான் குடிக்கவில்லை. பஸ்ஸில் வந்துவிட்டேன்.

ஆகவே மகனே, உங்கப்பா பந்தை நகர்த்தினார் என்று அந்த மைதானத்தில் இனி யாரும் சொல்லமாட்டார்கள், சொல்ல அங்கே ஆளும் இல்லை, ஏடும் இல்லை. அந்தக் கிளார்க்கும் இதற்குள் மறந்திருப்பான். இதை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறவன் இந்தப் பூமியில் நீ ஒருத்தன்தான். நம்பவைத்தவள் நான். அதனால் உனக்கு எழுதினேன். உங்கப்பாவிடம் சொல்லாததை உன்னிடம் சொல்வதால் எனக்குப் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. அரிசி களைவதுபோல எழுதிமுடித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஆட்டத்துக்குப் போ, நன்றாக ஆடு. உறையின் தையல் பிரிந்தால் அங்கே யாரிடமும் கொடுக்காதே, எனக்கு அனுப்பு. பதில் எழுதும்போது குழந்தையின் பல்லைப் பற்றியும் குளிரைப் பற்றியும் மூன்று பக்கம் வேண்டாம். உங்கப்பா நகர்த்தவில்லை என்று நீ நம்புகிறாயா, அதை மட்டும் முதல் வரியில் எழுது. நம்பவில்லை, அம்மா இப்போது சொல்வதும் பொய்யாக இருக்கலாம் என்று தோன்றினால், அதையும் முதல் வரியிலேயே எழுது. நான் படித்துக்கொள்வேன்.

அம்மா